கரையை அழகுபடுத்தும் முன்: நீரோரச் சிற்றூர்களுக்குத் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

கடலோரத்திலோ ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ இருக்கிற சின்ன ஊர்களுக்கு, நாலைந்து தெருவும் ஒரு படித்துறையும் சில நூறு வருடத்து வரலாறும் உள்ள ஊர்களுக்கு, சுற்றுலா மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தயாரித்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நீங்கள். எந்த நாட்டில், எந்தத் துறையில் இருந்தாலும் சரி, இந்த மடல் உங்களுக்குத்தான். ஒரே ஒரு அலுவலகத்தின் பெயரைப் போட்டு எழுதாததற்குக் காரணம், இந்தத் திட்டங்கள் எங்கே போனாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதுதான். கரையை ஒட்டி ஒரு கான்கிரீட் நடைபாதை, வரிசையாக அலங்கார விளக்கு, ஊர்ப் பெயரை ஆள் உயர எழுத்தில் நிறுத்தி செல்ஃபி எடுக்க ஒரு மேடை, சொகுசுப் படகுக்கு ஒரு தளம், வரிசையாகப் பேருந்து நிற்க ஒரு மைதானம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் அதே வரைபடம் எந்தக் கரைக்கும் பொருந்திவிடும்.

சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான், அதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்தக் கரையில் இப்போது யார் பிழைக்கிறார்கள், அந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அவர்கள் அங்கேயே இருக்கும்படி திட்டம் போடுங்கள். எத்தனை பேர் வந்து போனார்கள் என்ற கணக்கை அதற்குப் பின்னால் வையுங்கள்.

முதலில், இந்த ஊர்கள் ஏன் பழசாகவே நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். இலங்கையின் காலிக் கோட்டை 1588இல் போர்த்துக்கீசியர் போட ஆரம்பித்தது, 1640இல் டச்சுக்காரர் கைக்குப் போனது, பிறகு ஆங்கிலேயர் காலத்தில் நீராவிக் கப்பல்கள் நின்று போகிற பெரிய துறைமுகமாக இருந்தது. 1880களில் கொழும்பில் அலைத்தடுப்புச் சுவர் எழும்பியதும் கப்பல்கள் அங்கே போய்விட்டன, காலி அமைதியாகிவிட்டது. வியட்நாமின் ஹோய் ஆனில் ஜப்பானிய வணிகர்களும் சீன வணிகர்களும் ஆளுக்கொரு தெருவில் குடியிருந்து வியாபாரம் செய்தார்கள். ஆறு மண் தூர்ந்து மேடிட்டது, வியாபாரம் பக்கத்து டா நாங்குக்கு நகர்ந்தது. பசிபிக் பெருங்கடலில் ஃபிஜித் தீவுகளின் லெவுகா, பின்னால் செங்குத்து மலையும் முன்னால் கடலுமாக விரிய இடமில்லாத ஊர், அதனாலேயே 1882இல் தலைநகரை சுவாவுக்கு மாற்றிவிட்டார்கள். தரங்கம்பாடியும் அப்படித்தான். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, தரங்கம்பாடியின் வியாபாரம் படுத்துவிட்டது.

கையில் பணம் இருந்த ஊர்களெல்லாம் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டன. இவற்றுக்கு அந்த வசதி வரவில்லை, அதனால் திண்ணையும் தூணும் ஓடும் மிஞ்சின. அந்த ஊர்க்காரர்களின் தாத்தா பாட்டிமார் பஞ்சமாக அனுபவித்ததைத்தான் இன்றைக்கு நாம் பாரம்பரியம் என்று ரசிக்கிறோம். ஆகவே அங்கே இருக்கிறவர்களுக்கு வருமானம் வரட்டும் என்று நீங்கள் நினைப்பது முழுக்க நியாயம். ஆனால் இருநூறு வருடம் பணமில்லாமல் தப்பித்த ஒரு தெரு, இருபது வருடம் பணம் வந்ததும் காணாமல் போகும் என்றால் அந்தப் பணம் எந்த வழியாக வந்தது, யார் கைக்குப் போனது என்று கேட்கத்தானே வேண்டும்?

ஜப்பானில் டோமோனோஉரா என்று ஒரு சின்னத் துறைமுகம் இருக்கிறது. உங்கள் வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் அதன் கதையைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். செட்டோ உள்நாட்டுக் கடலில் கிழக்கே இருந்தும் மேற்கே இருந்தும் ஏறிவரும் ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், ஏறக்குறைய இந்த ஊருக்கு எதிரேதான் வந்து சந்திக்கும். பாய்க்கப்பல் காலத்தில் ஏற்றத்தோடு உள்ளே வந்து, நங்கூரம் போட்டுக் காத்திருந்து, நீர் திரும்பியதும் வற்றத்தோடு மறுபக்கம் போவார்கள். அப்படிக் காத்திருந்த கப்பல்களால் வளர்ந்த ஊர் அது. கொரிய மன்னரின் தூதர்கள் போகும் வழியில் தங்கிய இடம். பழைய துறைமுகத்துக்கு வேண்டிய ஐந்து உறுப்புகளும் அங்கே சேர்ந்தாற்போல இன்னும் நிற்கின்றன: 1859இல் கட்டிய கல் விளக்குத் தூண், அலைத்தடுப்புக் கல்சுவர், காவல் சாவடி, கப்பலின் அடிப்பலகையைத் தீயில் வாட்டிப் புழு பூச்சியைக் கொன்ற மேடை, அப்புறம் நீருக்குள் இறங்கிப் போகிற கல் படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர்மட்டம் பல அடி மாறும். ஒரே உயரத்தில் மேடை கட்டியிருந்தால் வற்றத்தின்போது படகு எங்கோ கீழே கிடக்கும், சரக்கை ஏற்றவும் முடியாது இறக்கவும் முடியாது. படியாகக் கட்டியதால் நீர் எந்த உயரத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு படி படகின் விளிம்புக்கு நேராக வந்துவிடும். கீழ்ப்படிகள் நாளுக்கு இரண்டு முறை நனைந்து காய்கின்றன, பாசியும் சிப்பியும் ஒட்டிய கோட்டைப் பார்த்தே ஓதம் எதுவரை ஏறுகிறது என்று சொல்லிவிடலாம். அந்த ஊரின் வரலாற்றை விளக்க அங்கே பலகை கூடத் தேவையில்லை. படியைப் பார்த்தால் ஓதம் தெரியும், ஓதம் தெரிந்தால் ஊர் ஏன் அங்கே வந்தது என்பது விளங்கிவிடும். இப்போது உங்கள் வரைபடத்தில் இருக்கும் கான்கிரீட் நடைபாதையை அந்தப் படியின் மேல் வைத்துப் பாருங்கள்.

ஏறக்குறைய அதுதான் நடக்கவிருந்தது. 1983இல் அந்தக் குடாவின் ஒரு பகுதியை மண் கொட்டி மூடி, குறுக்கே ஒரு பாலம் போட்டு, சாலையை அதன் மேல் கொண்டுபோகத் திட்டம் வந்தது. தெருக்கள் அவ்வளவு குறுகல், எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும், ஆகவே அந்தத் திட்டத்துக்கு ஊருக்குள்ளேயே ஆதரவாளர்கள் இருந்தார்கள், அவர்களுடைய குறையும் உண்மையானதுதான். எதிர்த்தவர்கள் 2007இல் வழக்குப் போட்டார்கள். 2009 அக்டோபரில் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம், ஒருமுறை கெட்டுவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாத காட்சி இது, சட்டப் பாதுகாப்புக்கு உரியது என்று சொல்லி, மூடுவதற்கு அனுமதி தரக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2012இல் ஆளுநர் பாலத்தைக் கைவிட்டு, ஊருக்குப் பின்னால் மலைப்பக்கமாகச் சுரங்கச் சாலை போடலாம் என்றார். 2016இல் அரசு தன் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றது, வழக்கும் முடிந்தது. முப்பது வருடத்துக்கு மேல்!

மலைப்பக்கமாகச் சாலை போடலாம் என்ற யோசனையை முதலிலேயே எடுத்திருந்தால் அந்த ஊரில் அக்கம்பக்கத்தார் ஒருவரோடொருவர் முகம் பார்க்காமல் கழித்த காலம் மிஞ்சியிருக்கும். நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது அதைத்தான். ஊர்க்காரருக்கு வண்டிப் போக்குவரத்து ஒரு பிரச்சினை என்றால் அதைத் தீர்த்துக் கொடுங்கள், ஆனால் தீர்வைத் தேடும்போது கரையை முதல் பலியாகக் கொடுக்காதீர்கள். கரை காலி இடம்போலத் தெரியும், நிலம் கையகப்படுத்த வேண்டாம், யாருக்கும் இழப்பீடு தர வேண்டாம், அதனால்தான் எல்லா வரைபடமும் அங்கேயே போய் நிற்கிறது. ஆனால் அது காலி இடம் கிடையாது. மீனவர்கள் படகு ஏற்றும் இடம் அது, வலை உலர்த்தும் இடம், மீனைப் பிரித்து ஏலம் விடும் இடம், சாயங்காலம் வயசானவர்கள் உட்காரும் இடம். பட்டா இல்லை என்பதற்காக அதற்குச் சொந்தக்காரர்கள் இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்தது தலைக்கணக்கு. ஆஸ்திரியாவில் ஏரிக்கரையில் ஹால்ஸ்டாட் என்ற கிராமம். உப்புச் சுரங்கம் ஆயிரக்கணக்கான வருடப் பழையது, ஐரோப்பாவின் ஒரு தொல்காலக் கட்டத்துக்கே அந்தக் கிராமத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குடியிருப்பவர்கள் எண்ணூறு பேருக்கும் குறைவு. உச்சக்கட்ட நாட்களில் வந்து குவிகிறவர்கள் பத்தாயிரம் பேர்வரை. சீனாவில் அதைப் போலவே ஒரு நகலை 2012இல் கட்டித் திறந்தார்கள், அதற்குப் பிறகு அசலைப் பார்க்க வருகிற கூட்டம் இன்னும் ஏறியது. 2020இல் பேருந்துகளுக்கு முன்பதிவு நேரம் வைத்தார்கள். 2023இல் எல்லோரும் நின்று படம் எடுக்கிற இடத்தில் ஏரியை மறைத்து ஒரு மரவேலியே போட்டார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் சாலையை மறித்துப் போராடினார்கள்.

தன் ஊரின் அழகைத் தானே வேலி போட்டு மறைக்கிற நிலைக்கு ஒரு ஊர் வந்துவிட்டது என்றால், அங்கே சுற்றுலா வெற்றி பெற்றதாக எந்த அறிக்கையில் எழுதுவீர்கள்?

ஹால்ஸ்டாட்டுக்கு வருகிற பேருந்துக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் சில மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள். இரவு தங்கி, காலையில் எழுந்து, உள்ளூர்க் கடையில் சாப்பிட்டு, ஒரு படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்து, மறுநாளும் இருக்கிற ஒருவர் ஊருக்குத் தருவது வேறு, நாற்பது பேர் இறங்கிக் கழிவறையைப் பயன்படுத்திவிட்டு ஏறிப் போகிற பேருந்து தருவது வேறு. உங்கள் அறிக்கையில் இரண்டும் ஒரே கட்டத்தில் வருகையாளர் என்றுதான் விழுகின்றன. தங்கிய இரவுகளைத் தனியாக எண்ணுங்கள். அந்த இரவுகளில் எத்தனை உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் அறைகளில் கழிந்தவை என்று இன்னொரு வரி சேருங்கள். இந்த இரண்டு வரியையும் பார்த்தாலே யாருக்காகத் திட்டம் போட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். அமைதியைத் தேடி வருகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அவர்கள் திரும்ப வருகிறார்கள், சீசன் இல்லாத மாதங்களிலும் வருகிறார்கள்.

வரம்பு வைப்பது முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர், ஐயாயிரம் பேர் சுமாராக வாழ்கிற கடலோர ஊர். குரூஸ் கப்பலில் இருந்து நாளுக்கு ஆயிரம் பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்று 2022 நவம்பரில் ஊர் மக்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், அங்கேயும் அந்த வரம்பு பெரும்பாலும் நின்றது. வெனிஸ் பெரிய கப்பல்களைத் தன் வாசலில் இருந்து 2021இல்தான் அப்புறப்படுத்தியது, பகலில் வந்து போகிறவர்களுக்கு 2024இல் கட்டணம் வைத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1951இல் அந்தப் பழைய நகரத்துக்குள் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள், 2022இல் அது 50,000க்குக் கீழே போய்விட்டது. வெனிஸ் சிற்றூர் கிடையாது, தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய நகரமே தாங்கவில்லை என்றால் முந்நூறு வீடுகள் இருக்கிற ஊர் எத்தனை வருடம் தாங்கும்?

வீடுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்ட அறிக்கைகளில் கோட்டைக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது, வீட்டுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. ஹோய் ஆனில் டான் கீ என்ற பழைய வணிகர் வீடு ஒன்று இருக்கிறது, குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறது. ஆறு வருடா வருடம் மழைக்காலத்தில் தெருவுக்குள் ஏறும், சில வருடம் வீட்டுக்குள்ளும். சுவரில் எந்த வருடம் வெள்ளம் எதுவரை வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள், 1964இன் கோடு ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிறது. மாடித் தரையில் ஒரு திறப்பு உண்டு, கீழே கடையில் இருக்கும் சரக்கைக் கயிறு கட்டி அதன் வழியாக மேலே தூக்கிவிடலாம். வெள்ளத்தை எதிர்த்து நிற்காமல், அது வரும் போகும் என்று ஏற்றுக்கொண்டு கட்டிய வீடு. இந்த அறிவு அங்கே வாழ்கிறவர்களிடம்தான் இருக்கிறது. எந்த மேகம் வந்தால் எப்போது சரக்கைத் தூக்க வேண்டும் என்று தெரிந்த குடும்பம் வீட்டைக் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டு ஊருக்கு வெளியே போய்விட்டால், மரத்தூண் அப்படியே இருக்கும், அதை எப்படிக் காப்பாற்றுவது என்பது போய்விடும். ஹோய் ஆன் 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பழைய தெருக்களின் பல வீடுகள் கடைகளாக மாறிவிட்டன.

இதற்குச் சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் கார்ன்வால் கடலோரத்தில் செயின்ட் ஐவ்ஸ் ஊர்க்காரர்கள் 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று விதி வைத்தார்கள். வெளியூர்ப் பணக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால் பழைய வீடுகள் பக்கம் திரும்பினார்கள். புது வீட்டை மட்டும் காத்து பழைய வீட்டை விட்டால் இப்படித்தான் ஆகும். ஆகவே சுற்றுலாத் திட்டம் என்று நீங்கள் எழுதும் காகிதத்திலேயே குடியிருப்புக்கும் ஒரு பகுதி வேண்டும்: உள்ளூர்க்காரர் தன் வீட்டைப் பழுதுபார்க்கக் கடனுதவி, முழு வீட்டையும் விடுதியாக்குவதற்கு ஒரு தெருவில் இத்தனைதான் என்ற அளவு, பழைய வாடகைக்காரர்களைத் திடீரென்று வெளியேற்ற முடியாத பாதுகாப்பு. இதெல்லாம் சுற்றுலாத் துறையின் வேலை இல்லை என்று அடுத்த மேசைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

பழுதுபார்ப்பு என்றதும் சிமென்ட் நினைவுக்கு வருகிறது. தயவுசெய்து பழைய சுவர்களைச் சிமென்ட் பூசி "புதுப்பிக்க" விடாதீர்கள். நீரோரக் கட்டடங்களில் ஈரம் அடித்தளத்தில் இருந்து ஏறும், கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் மூச்சு விடும், ஈரம் வெளியே போய்விடும், உப்பு மேற்பூச்சில் பூத்து உதிரும், சில வருடத்துக்கு ஒருமுறை பூச்சை மட்டும் மாற்றினால் போதும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லையே பொரிய வைக்கிறது. திறப்பு விழா அன்றைக்குச் சுவர் வழவழவென்று இருக்கும், சில மழைக்காலம் கழித்துப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, பக்குவம் பார்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நடைபாதை விளக்குக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கூலியாகவும், அவர்களிடம் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களுக்கு உதவித்தொகையாகவும் கொடுங்கள். அந்த வேலை ஊரிலேயே தங்கும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைகளும் உண்டு, அவற்றுக்குத்தான் முதல் பணம் போக வேண்டும். காலிக் கோட்டையில் டச்சுக்காரர் கட்டிய நிலத்தடிச் சாக்கடைகளைக் கடலின் ஓதமே வந்து அலசிவிட்டுப் போகும்படி அமைத்திருந்தார்கள். அந்தக் காலத்திலேயே முதலில் கழிவுநீர் எங்கே போகும் என்று யோசித்திருக்கிறார்கள். இன்றைக்குக் கரையோரமாக விடுதிகளுக்கு வரிசையாக அனுமதி கொடுத்துவிட்டு, கழிவுநீர் எங்கே போகும் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது நேராகத் தண்ணீருக்குத்தான் போகும். அதே தண்ணீரில்தான் மீன் இருக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். அலைத்தடுப்பு விஷயமும் அப்படியே. கரையோரமாக மணல் ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு இடத்தில் கல்லைக் கொட்டி நிறுத்தினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். ஒரு ஊரின் படகுத்தளத்துக்காகப் பக்கத்து ஊர் தன் கரையை இழக்கக் கூடாது. வேகப் படகு எழுப்பும் அலை பழைய கல்சுவரின் இடுக்கில் இருக்கும் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடுகிறது என்பதை வெனிஸ்காரர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். படகின் வேகத்துக்கு வரம்பு வைக்கப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

வரலாற்றை எப்படிச் சொல்வது என்பதிலும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 1911இல் காலியில் ஒரு கல்வெட்டு கிடைத்தது, வடிகால் மேல் கவிழ்த்து மூடிய கல்லாக அது கிடந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல், 1409ஆம் வருடத்தைச் சேர்ந்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன, சீனப் பகுதி புத்தருக்கும் தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கின்றன. அந்தக் கரைக்கு யார் யாரெல்லாம் வந்து போனார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் இதுபோன்ற ஊர்களில் வைக்கிற தகவல் பலகைகளில் பெரும்பாலும் எந்த நாட்டுக்காரன் எப்போது கோட்டை கட்டினான், எந்த ஆளுநர் எங்கே குடியிருந்தார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து, அங்கேயே அச்சகம் வைத்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கை எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள், ஏடு எழுதிக் கொடுத்தவர்கள், அலையில் படகு தள்ளி அவரைக் கரை சேர்த்தவர்கள், இவர்களுக்கும் பலகையில் ஒரு வரி வேண்டாமா?

சில கரைகளில் இருக்கும் வரலாறு கொண்டாடுகிற வகையே இல்லை. கானாவின் எல்மினாவில் 1482இல் போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டை பிறகு அடிமைகளை அடைத்துவைத்துக் கப்பலேற்றும் இடமானது. தங்கள் முன்னோர் அந்த வாசல் வழியாகத்தான் போயிருப்பார்கள் என்று கடல் கடந்து தேடி வருகிறவர்கள் அந்த இருட்டறைகளில் நின்று அழுகிறார்கள். அதே கோட்டையின் காலடியில் இன்றும் மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, சந்தை நடக்கிறது. துக்கமும் பிழைப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடம் அது, யாரும் ஒன்றை அப்புறப்படுத்திவிட்டு மற்றதை வைக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒலி ஒளிக் காட்சி வைக்கலாமா என்று யோசனை வந்தால், அதை வேண்டாம் என்று சொல்கிற தைரியமும் உங்கள் வேலையில் ஒரு பகுதிதான்.

கடைசியாக, கேட்பதைப் பற்றி. கென்யாவின் லாமு, பவளக் கல்லும் அலையாத்தி மரமும் வைத்துக் கட்டிய பழைய சுவாஹிலித் துறைமுகம். சந்துகளில் கார் நுழையாது, சுமை எல்லாம் கழுதை மேல்தான். 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். அதன் பக்கத்தில் நிலக்கரி மின்நிலையம் கட்ட உரிமம் கொடுத்திருந்தார்கள். 2019 ஜூனில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் அந்த உரிமத்தை ரத்து செய்தது, சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்பது. மின்நிலையம் வேறு, சுற்றுலா வேறுதான். ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டம் என்ற பெயரில் நடப்பது இரண்டிலும் ஒன்றுதான். வேலை நாளில், மீனவர்கள் கடலில் இருக்கிற நேரத்தில், மாவட்டத் தலைநகரின் ஒரு அரங்கத்தில், நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையை வைத்துக்கொண்டு நடக்கிற கூட்டத்தில் யார் வந்து என்ன சொல்ல முடியும்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவைதான். டெண்டர் விடுவதற்கு முன்னால் திட்ட வரைபடத்தை அந்த ஊர் மொழியில், பெரிய தாளில் அச்சிட்டு, படகுத்துறையிலும் சந்தையிலும் ஒட்டுங்கள். எந்தக் கோடு யார் வலை உலர்த்தும் இடத்தின் மேல் போகிறது என்று அவர்களே விரல் வைத்துக் காட்டட்டும். படகுகள் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்துக் கூட்டத்தை ஊரிலேயே வையுங்கள், பெண்கள் வர முடிகிற நேரத்தில் இன்னொரு கூட்டமும் வையுங்கள், ஏனென்றால் தண்ணீர், கழிவு, மீன் விற்பனை எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். எதை ஏற்றுக்கொண்டீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அதே இடத்தில் திரும்ப ஒட்டுங்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆகிறது என்றால் ஆகட்டும். டோமோனோஉராவில் முப்பது வருடத்துக்கு மேல் நீண்ட கொந்தளிப்போடு பார்த்தால் ஒரு வருடம் ஒன்றுமே இல்லை.

அப்படிக் கேட்ட பிறகும் அந்த ஊர்க்காரர்கள் நடைபாதையும் விளக்கும்தான் வேண்டும் என்று சொன்னால், அது அவர்கள் ஊர், போடுங்கள், எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் அநேகமாக அவர்கள் கேட்கப்போவது வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன்: உடைந்த படித்துறையைச் சரிசெய்து கொடுங்கள், முகத்துவாரத்தில் சேர்ந்த மணலை எடுத்துவிடுங்கள், இரவில் ஒரு மருத்துவர் இருக்க வழி செய்யுங்கள், பிள்ளைகளுக்கு ஊரைவிட்டுப் போகாமல் ஒரு வேலை. இவற்றுக்கும் சுற்றுலா நிதியில் இடம் ஒதுக்க முடியுமா என்று உங்கள் அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். முடியாது என்று விதி இருந்தால், எந்த விதி என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதை மாற்றச் சொல்லி நாங்கள் அடுத்த மடலை எழுத வேண்டிய இடம் எது என்றாவது தெரியட்டும்.

அன்புடன்,
நீரோர ஊர்களை நேசிக்கும் ஒரு பயணி